பணியாரக் கடைக்குப் பலகை கேட்ட முள்ளம்பன்றி

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி பணியாரக் கடை நடத்திவந்தாள். அடர்ந்த காடு, இருண்ட காடு என்றெல்லாம் அளக்க வேண்டியதில்லை. சிங்கத்துக்கு வயதாகி, ஆட்சியை வாரியங்களிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்ட சாதாரணக் காடு. தண்ணீருக்கு ஒரு வாரியம், நிழலுக்கு ஒரு வாரியம், கடைகளின் பெயர்ப்பலகைக்கு ஒரு வாரியம்.

முள்ளம்பன்றியின் பெயர் தனபாக்கியம். அவளுடைய கடை ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் இருந்தது. பாதையில் போகிறவர்களுக்குப் பாறை தெரியும், கடை தெரியாது. வாசனையாவது போகாதா என்றால், அந்த இடத்தில் காற்று எப்போதும் பள்ளத்துப் பக்கமாகத்தான் அடிக்கும். பள்ளத்தில் குடியிருப்பவை வவ்வால்கள். நாள் முழுக்கத் தலைகீழாகத் தொங்குகிறவர்களுக்குப் பணியாரம் எப்படி இறங்கும்?

கடை ஓடாவிட்டால் என்ன ஆகும் என்று தனபாக்கியத்துக்கு நன்றாகத் தெரியும். புருஷனுடைய கூட்டு வளைக்கே திரும்பிப் போக வேண்டும். அங்கே மூத்த ஓரகத்தியின் ராஜ்ஜியம். இவள் மாவாட்டி, சுட்டு, வியர்த்து எடுத்துக்கொண்டு போய் வைப்பாள். ஓரகத்தி ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பு கம்மி" என்பாள். ஓரகத்திக்குத் தெரிந்த சமையல் அது ஒன்றுதான்.

"மழைக்குள்ள கடை சூடு பிடிக்கலேன்னா அண்ணன் வளைக்கே போயிடலாம் பாக்கியம்," என்றான் புருஷன் கோதண்டம், படுத்தபடியே. அவனுக்கென்ன, எந்த வளையானாலும் படுக்கத்தானே போகிறான்.

பாறைக்கு மேலே தெரிகிற மாதிரி உயரமாக ஒரு பலகை வைத்துவிட்டால் போதும் என்று தனபாக்கியம் கணக்குப் போட்டாள். ஆனால் காட்டில் விதி ஒன்று இருந்தது. எந்தக் கடைப் பலகையும் ஒரு முயலின் காது உயரத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் காட்டின் அழகு கெட்டுவிடுமாம். அழகு கெட்டாலும் பரவாயில்லை, எனக்கு உயரமான பலகைதான் வேண்டும் என்கிறவர்கள் பலகை வாரியத்திடம் விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம்.

வாரியத்தில் மூன்று பேர். தலைவர் காட்டெருமை. எந்த மனுவையும் முதலில் விழுங்கிவிடுவார்; பிறகு சாவகாசமாக மேலே கொண்டுவந்து மென்று பார்த்துத்தான் கருத்துச் சொல்வார். அடுத்தவர் ஆந்தை. கூட்டம் பகலில் நடப்பதால் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவார். குறட்டை வந்தால் ஆதரவு, வராவிட்டால் நடுநிலை என்று எழுதிக்கொள்வார்கள். மூன்றாமவர் கரடி. பாதையோரத்தில் தேன்கடை வைத்திருப்பவர். குமாஸ்தா நாரை. அவர் ஒற்றைக் காலை ஊன்றி நிற்பதைப் பார்த்தவர்கள் உண்டு. இன்னொரு காலைப் பார்த்தவர்கள் இல்லை. ஆனால் விதிகள் அத்தனையும் அவர் அலகு நுனியில்.

"உனக்கு என்னம்மா கஷ்டம்?" என்று கேட்டார் காட்டெருமை.

"பாறை மறைக்குதுங்க. கடை இருக்கிறதே யாருக்கும் தெரியல."

"அது உங்க கஷ்டம்," என்றார் நாரை. "நிலத்துக்கு என்ன கஷ்டம்?"

"நிலத்துக்கு என்னங்க கஷ்டம்? அது பாட்டுக்குக் கிடக்குது."

"அப்போ விலக்கு கிடையாது. விலக்கு நிலத்துக்குத்தான், ஆளுக்கு இல்ல. நிலம் கஷ்டப்படணும்."

தனபாக்கியம் சுதாரித்துக்கொண்டாள். "நிலமும் படுதுங்க. தலையில அவ்வளவு பெரிய பாறையைச் சுமந்துக்கிட்டு எப்படி நல்லா இருக்கும்?"

காட்டெருமை இதை மென்று பார்த்தார். ருசியாக இருந்திருக்க வேண்டும், தலையை ஆட்டினார். உடனே கரடி குறுக்கே விழுந்தார்.

"பாறை முன்னாடி வந்துச்சா, உன் கடை முன்னாடி வந்துச்சா?"

"பாறைதான்."

"பாறை இருக்கிறது தெரிஞ்சே கடை போட்டிருக்கே. தானா தேடிக்கிட்ட கஷ்டத்துக்கு விலக்கு கிடையாது."

"கடை போட்டப்புறம் பாறை வந்திருந்தா?"

"அதுக்கு நீ பாறை வாரியத்துக்குப் போகணும்."

தனபாக்கியத்துக்கு முதுகில் முள் லேசாக எழும்பியது. "உங்க தேன்கடைப் பலகை மட்டும் தேக்கு மர உயரத்துக்கு நிக்குதே, அது?"

"அது விதி வர்றதுக்கு முந்தியே வச்சது."

"விதி எப்ப வந்துச்சு?"

"நான் பலகை வச்ச மறுநாள்," என்றார் கரடி. வெட்கம் என்பது கரடிக்கு வெயில் காலத்தில் கம்பளி மாதிரி, போட்டுக்கொள்வதில்லை.

இடத்தை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகக் காட்டெருமை அறிவித்தார். மறுநாள் வாரியம் புறப்பட்டது. பாதையில் மேலே நடந்தது, கீழே நடந்தது. பாறை நிழலில் நின்று மூச்சு வாங்கியது. கடை அகப்படவில்லை. 'குறிப்பிட்ட இடத்தில் கடை எதுவும் காணப்படவில்லை. இல்லாத கடைக்குப் பலகை தேவையில்லை' என்று நாரை அறிக்கை எழுதிவிட்டார்.

தனபாக்கியம் அந்த நேரம் பார்த்துத் தண்ணீருக்குப் போயிருந்தாள். பாறைக்குப் பின்னால் கோதண்டம் மட்டும் இருந்தான். பேச்சுக் குரல் அவன் காதில் தெளிவாக விழுந்ததாம்.

"ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா?" என்று தனபாக்கியம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்னையா தேடினாங்க? கடையைத்தானே தேடினாங்க," என்றான் அவன்.

அவனைக் கட்டிக்கொண்டது எந்த வாரியத்தில் முறையிட வேண்டிய கஷ்டம் என்று அவளுக்குத் தெரியவில்லை. முள்ளை விரித்துக்கொண்டு நேராக நாரையிடம் போனாள். அந்த முள்ளைப் பார்த்ததும் நாரையின் இன்னொரு கால் கீழே இறங்கிவிட்டது.

"கோபப்படாதீங்கம்மா, மேல்முறையீடு இருக்கு," என்றார் அவசரமாக. "ஆனா மேல்முறையீடுன்னா ஊருக்குத் தெரியப்படுத்தணும். உங்க பாறை ஓரமா, பாதை திரும்புற இடத்துல, வாரியமே அறிவிப்பு வைக்கும்."

"எவ்வளவு பெருசா?"

"யானை ஓடிக்கிட்டே படிக்கிற அளவுக்கு. விதி அப்படி."

மறுநாள் அறிவிப்பு எழுந்து நின்றது. பாறையைவிட உயரமாக, மூங்கில் சட்டத்தில், சிவப்பு எழுத்தில்:

'இப்பாறைக்குப் பின்புறம் பணியாரக் கடை நடத்தும் தனபாக்கியம் என்பவர், தமது கடை எல்லோர் கண்ணிலும் படும்படி பலகை வைக்க விலக்கு கோருகிறார். ஆட்சேபம் உள்ளவர்கள் காலை முதல் மாலை வரை நேரில் சென்று பார்வையிடலாம்.' கீழே பாறைக்குப் பின்புறம் காட்டி ஓர் அம்புக்குறி.

தனபாக்கியத்துக்கு மானம் போய்விட்டது. "காடு பூரா எம்பேரை நாறடிச்சுட்டாங்க," என்று புலம்பிக்கொண்டேதான் மறுநாள் காலை அடுப்பை மூட்டினாள்.

அந்தக் காட்டில் ஒரு விசேஷம். வாருங்கள், வாருங்கள் என்று வருந்தி அழைத்தால் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஆட்சேபம் சொல்லலாம் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், பிள்ளைகுட்டியோடு கிளம்பிவிடுவார்கள்.

முதலில் ஒரு குரங்கு வந்தது. "நான் ஆட்சேபிக்க வந்திருக்கேன்," என்றது விறைப்பாக.

"தாராளமா. நின்னுக்கிட்டே எதுக்கு, உட்கார்ந்து ஆட்சேபிங்க. இனிப்பா, காரமா?"

குரங்கு இரண்டையும் ஆட்சேபித்துவிட்டு, வீட்டுக்குக் கொஞ்சம் கட்டிக்கொண்டும் போனது. மத்தியானம் அதன் மாமியார் வந்தாள், மருமகன் சரியாக ஆட்சேபித்தானா என்று பார்க்க. பிறகு மான்கள். பிறகு நரி, தன் வக்கீலோடு. வக்கீலும் நரிதான். அந்த வாரக் கடைசியில் இலை போட ஆளில்லாமல் கோதண்டமே எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. அவன் நிற்பதைப் பார்க்கவே பக்கத்து வளைக்காரர்கள் சிலர் வந்தார்கள்.

ஆட்சேபக்காரர்கள் அதிகமாகிவிட்டதால் விசாரணை தள்ளிப்போயிற்று. தள்ளிப்போனால் அறிவிப்பைப் புதுப்பிக்க வேண்டும், புதுப்பித்தால் முன்னதைவிடப் பெரிதாக வைக்க வேண்டும் என்று நாரை விதியைப் படித்தார். வைத்தார்கள். கூட்டம் இன்னும் பெருகியது. தேக்கு மர உயரப் பலகைக்குக் கீழே கரடியின் கடையில் கரடியும் ஈயும்தான் இருந்தார்கள்.

"பலகை இல்லாமலே இந்தக் கூட்டம். அதுவும் வந்துட்டா?" என்று தனபாக்கியம் கனவு கண்டாள்.

விசாரணை நாள் வந்தது. ஆட்சேபக்காரர்கள் வாரியத்தின் முன் வரிசைகட்டி நின்றார்கள்.

"உன் ஆட்சேபம் என்ன?" என்று குரங்கைக் கேட்டார் காட்டெருமை.

"ஐயா, தினம் போய்ப் பார்த்துட்டுத்தான் வர்றேன். இன்னும் ஒண்ணும் அகப்படல. நாளைக்கும் போகலாம்னு இருக்கேன்," என்றது குரங்கு. மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். நரியின் வக்கீல் மட்டும் தேங்காய்ச் சட்னி பற்றிக் கொஞ்சம் கூடுதலாகப் பேசினார்.

அப்போது கரடி எழுந்தார். "பாவம், பொம்பளை. எத்தனை நாள்தான் அலைவா? கொடுத்துடலாமே."

சபை வாயைப் பிளந்தது. கரடி இதற்கு முன் யாருக்கும் எதையும் கொடுத்ததில்லை. தேனீக்களைக் கேட்டால் சொல்லும். ஆந்தையிடமிருந்து நல்ல குறட்டை வந்தது. ஆதரவு என்று நாரை குறித்துக்கொண்டார்.

காட்டெருமை மென்று முடித்தார். "விலக்கு தரலாம். ஆனா தேவைக்கு மேல தரக் கூடாது. முயலின் ஒரு காது உயரம்னு இருக்கிறதை, இவங்களுக்கு மட்டும் இரண்டு காது உயரம்னு வச்சுக்கலாம். ஒரு காதுக்கு மேல இன்னொரு காது."

"தீர்ப்பு வந்துட்டதால பாதையில இருக்கிற அறிவிப்பை இன்னைக்குச் சாயங்காலமே பிரிச்சிடணும்," என்று நாரை சேர்த்துக்கொண்டார்.

தனபாக்கியம் கும்பிடக் கையைத் தூக்கியவள், கரடியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். கரடி சிரித்துக்கொண்டிருந்தார். பழுத்த பலாவைப் பார்க்கிற சிரிப்பு.

அந்தச் சிரிப்பில்தான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. முயலின் இரண்டு காது உயரம் பாறையின் கணுக்காலுக்குக்கூட வராது. பலகை வரும், அறிவிப்பு போய்விடும். அறிவிப்பு போனால் பாதையில் மறுபடி வெறும் பாறை. மழை வந்தால் கூட்டு வளை, மாவாட்டல், உப்பு கம்மி.

அவள் முதுகில் முள் அத்தனையும் நட்டுக்கொண்டு நின்றது. பின்னால் இருந்தவர்கள் மரியாதையாக விலகிக்கொண்டார்கள்.

"ஐயா, இந்தப் பலகைக்கு ஆட்சேபம் இருக்கு."

"யாருக்கு?"

"எனக்குத்தாங்க."

காட்டெருமை மெல்லுவதை நிறுத்தினார். "உன் மனுவுக்கு நீயே ஆட்சேபமா?"

"மனு போட்டது கடைக்காரி. கடைக்குப் பின்வளையில என் வீடு இருக்கு. பக்கத்து வீட்டுக்காரிங்கிற முறையில சொல்றேன். பக்கத்துல குடியிருக்கிறவங்க ஆட்சேபிக்கலாம்னு விதி இருக்கா இல்லையா?"

எல்லோரும் நாரையைப் பார்த்தார்கள். நாரை அலகால் இறகைக் கோதிக்கொண்டார். "இருக்கு. ரெண்டும் ஒரே ஆளா இருக்கக் கூடாதுன்னு எங்கேயும் இல்ல."

"சரி, உன் ஆட்சேபம் என்னம்மா?"

தனபாக்கியம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அந்தக் கடையால நான் படுற பாடு உங்களுக்கு என்னங்க தெரியும்? விடியறதுக்குள்ள அரைக்கிற சத்தம். புகை. கண்டவன்லாம் வந்து வாசல்ல எச்சில் இலையைப் போடுறான். என் வீட்டுக்காரர் நிம்மதியாத் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா? பலகை வேற வச்சா நாங்க குடியிருக்கிறதா, காலி பண்ணிட்டுப் போறதா?" சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாம் உண்மைதானே. இத்தனை நாள் கேட்க ஆளில்லை, அவ்வளவுதான்.

"என் தூக்கத்தைப் பத்தி யாராவது கேட்டாங்களே," என்று கோதண்டம் பின்னால் மூக்கை உறிஞ்சினான்.

கரடிக்குச் சிரிப்பு போய்விட்டது. "அவ்வளவு தொந்தரவா இருந்தா மனுவை வாபஸ் வாங்கிட்டுப் போயேன்."

"நல்லா இருக்கே அண்ணே நீங்க சொல்றது. அப்படிச் செஞ்சா அந்தக் கடைக்காரி வயித்துல அடிச்ச மாதிரி ஆகாதா? அவளும் என்னை மாதிரி ஒரு பொம்பளைதானே."

சபையில் பல பெண்கள் ஆமாம் என்றார்கள். குரங்கின் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, இதுக்குக் கடைக்காரியோட பதில் என்ன?" என்று கேட்டார் காட்டெருமை.

தனபாக்கியம் இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள். "பக்கத்து வீட்டுக்காரி திடீர்னு இப்படிச் சொல்லுவான்னு நான் எதிர்பார்க்கலீங்க. பதில் சொல்ல அவகாசம் வேணும்."

காட்டெருமைக்கு இது நியாயமாகப் பட்டது. மேலும், ஒரே நாளில் இவ்வளவு மென்று அவருக்குத் தாடை வலித்தது. விசாரணையை ஒத்திவைத்தார். கடுமையான ஆட்சேபம் வந்திருப்பதால் அறிவிப்பை இன்னும் பெரிதாக, இரவிலும் தெரியும்படி விளக்குப் போட்டு வைக்க வேண்டும் என்று நாரை விதியை எடுத்துச் சொன்னார்.

அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. ஒரு தவணைக்குக் கடைக்காரி பதில் சொல்வாள். அடுத்த தவணைக்குப் பக்கத்து வீட்டுக்காரி அந்தப் பதிலுக்குப் பதில் சொல்வாள். நடுநடுவே இருவரும் சமாதானமாகிவிடுவார்களோ என்று கரடி ஆவலாகப் பார்ப்பார். தனபாக்கியம் அந்த இருவரையும் சேரவே விடுவதில்லை.

"ஏன் பாக்கியம், நெஜமாவே உனக்குப் பலகை வேணுமா வேண்டாமா?" என்று ஒருநாள் கோதண்டம் கேட்டான், கை நிறைய எச்சில் இலையோடு.

"வேணும்னு நான் கேட்டுக்கிட்டே இருக்கணும். நீங்க போய் அந்தக் கடைசி இலையை எடுங்க," என்றாள் அவள்.

நீதி: வாரியத்திடம் எதை வேண்டுமானாலும் கேளுங்கள், அழுது கேளுங்கள், ஆண்டுக்கணக்காகக் கேளுங்கள். தப்பித்தவறி அவர்கள் கொடுக்க வந்துவிட்டால், முதல் ஆட்சேபம் உங்களுடையதாக இருக்கட்டும்.