மனைவியின் போனுக்கு நான் செய்த வைத்தியம்

எனக்கு எல்லாம் தெரியும் என்று நான் நம்பிய கடைசி நாள் ஒரு வியாழக்கிழமை. மணிகூடச் சொல்வேன்: காலை பத்தே முக்கால்.

மலேசியாவில் லாபிஸ் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் இயந்திரங்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டு உயரம் நிற்கும் கொதிகலனையே அடக்குகிறவனுக்கு, உள்ளங்கை அகலப் போன் ஒரு பொருட்டா? (இளமைத் திமிர் என்று தப்பிக்க முடியாது. அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது.)

என் மனைவி கவிதா ஊரில் ஒரு கிளினிக்கில் தாதி. ஜொகூர் பாருவில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு விண்ணப்பித்திருந்தாள். இரண்டு முறை பதிலே வரவில்லை; மூன்றாம் முறை நேர்காணலுக்கு அழைத்திருந்தார்கள். வியாழன் காலை பதினொன்றுக்கு, வீடியோ அழைப்பில். அந்த வாரம் பார்த்து அவள் போன் தானாக அணைய ஆரம்பித்தது. பேட்டரி எண்பது விழுக்காடு காட்டும். "ஹலோ" என்பதற்குள் திரை கறுத்துவிடும்.

"கடையில காட்டலாம்ங்க."

"கடையா? நான் எதுக்கு இருக்கேன்?"

(என் போனைக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். அதை முந்தின மாதமே நான் பழுது பார்த்திருந்தேன்.)

முதலில் பேட்டரி என்றேன். அப்புறம் சார்ஜர் என்றேன். பிறகு வைரஸ் என்று சொல்லி, அவள் அன்றாடம் பயன்படுத்தும் செயலிகளாகத் தேடித் தேடி அழித்தேன். புதன்கிழமை, சூடுதான் காரணம் என்று முடிவுகட்டி, குளிர்பெட்டியில் தோசை மாவுக்குப் பக்கத்தில் போனை வைத்தேன்.

தண்ணீர் எடுக்கப் போன கவிதா அலறினாள். "அலமாக்! இது போனா, மீனா?"

வியாழன் காலை பத்தே காலுக்குப் போன் மறுபடி அணைந்தது. அவள் போனை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். தேய்த்து உடுத்திய சட்டையோடு காரில் போய் உட்கார்ந்துகொண்டாள். இருபது நிமிடத்தில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஃபாத்திமாவின் போன் கடையில் நின்றோம்.

"உள்ள வோல்ட்டேஜ் ஏறி எறங்குது லா..." என்று நான் விளக்க ஆரம்பித்தேன். ஃபாத்திமா போனின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

"இந்தக் கவர் எப்ப போட்டீங்க?"

"ஞாயித்துக்கெழம. ஒடையக் கூடாதுன்னு நான்தான் வாங்கிக் கொடுத்தேன்."

"எப்பலேர்ந்து ஆஃப் ஆகுது?"

"திங்கக்கெழம," என்றாள் கவிதா.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஃபாத்திமா அந்தத் தடித்த ரப்பர் உறையைக் கழற்றினார். "பவர் பட்டனை இது அழுத்திக்கிட்டே இருக்கு. அவ்வளவுதான்."

போன் உயிர்பெற்றது. அணையவே இல்லை. ஒரு திருகாணிகூடக் கழற்றாமல் நோயைக் கண்டுபிடித்த அந்தக் கட்டைவிரலை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்குத் திரும்ப நேரமில்லை. "அக்கா, இங்கயே உக்காந்து பேசுங்க," என்று நாற்காலி போட்டார் ஃபாத்திமா. சத்தம் வராமல் மின்விசிறியை நிறுத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்க மட்டும் கொஞ்சம் வெளிய நில்லுங்க."

நின்றேன். உள்ளே ஒரு சீனப் பெரியவரும் ஒரு மலாய் அம்மாவும் வந்த வேலையை மறந்து மூச்சடக்கி நின்றார்கள். பாதி திறந்த கதவு வழியே எனக்கும் கேட்டது. நெருக்கடி நேரத்தில் எப்படி நடந்துகொள்வீர்கள் என்று கேட்டார்கள். கவிதா சிரித்தாள். இப்போது ஒரு நெருக்கடியில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்து, குளிர்பெட்டி வரை ஒன்று விடாமல் சொன்னாள். போனுக்குள் மூன்று பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் குரலில் துளி நடுக்கம் இல்லை. பன்னிரண்டு வருடமாக, வேலை முடிந்து களைத்து வரும் கவிதாவைத்தான் எனக்குத் தெரியும். நோயாளிகள் தினமும் பார்க்கிற கவிதாவை அன்றுதான் பார்த்தேன்.

வேலை கிடைத்தது. அந்த வேலைதான் எங்களை ஜொகூர் பாருவுக்குக் கொண்டுவந்தது. இங்கே மிக்சி நின்றாலும் வைஃபை போனாலும் எங்கள் மகள் முதலில் வாசல் கதவைத் திறக்கிறாள். "அப்பா, நீங்க மட்டும் கொஞ்சம் வெளிய நில்லுங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு போய் நிற்கிறேன். பெரும்பாலும் சரியாகிவிடுகிறது.