இரண்டு மாதப் படிப்பு விடுப்பு

தெருமுனைப் பேனரில் தன் முகத்தைப் பன்னிரண்டடி உயரத்தில் பார்த்ததும், ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் வேலப்பன் கையிலிருந்த பால் பாக்கெட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். முகத்துக்குக் கீழே இப்படி இருந்தது:

"கேள்வித்தாள் விற்றதாகப் படம் எடுத்தவரைக் கண்டிக்கிறோம். எங்கள் பேராசிரியர் எடுத்தது கல்லூரியின் போரிக் பவுடர் மட்டுமே. இவண், கேரம் நண்பர்கள், ராயபுரம்."

முந்தின நாள் சாயங்காலம் கேரம் கிளப் செயலாளர் கலீலுல்லாவிடம் அவர் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். விஷயம் வெளியே போகக்கூடாது.

விஷயம் இதுதான். அவரிடம் படித்த சித்தார்த் இயக்கிய படத்தின் டிரெய்லர் வந்திருந்தது. ஒரு மாணவி கொடுத்த புகாரால் தலைகுனியும் பேராசிரியரின் கதை. அந்தப் பேராசிரியர் வேலப்பனைப் போலவே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பாடம் நடத்தினார். வேலப்பனைப் போலவே வெயில் காலத்திலும் குடை வைத்திருந்தார். படத்தில் அவர் செய்த குற்றம், கேள்வித்தாள் விற்றது. நிஜத்தில் வேலப்பன் செய்தது, ஆய்வுக்கூடத்துப் போரிக் பவுடரைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய் கேரம் போர்டில் தூவியது. 1996இல் யாரோ மனு எழுதிவிட்டார்கள். கையெழுத்து இடத்தில் 'ஒரு மாணவி' என்று மட்டும் இருந்தது. இரண்டு மாதம் சஸ்பெண்ட்.

கல்லூரிக்கே தெரிந்தது மனைவி தங்கபுஷ்பத்துக்கு மட்டும் தெரியாது. அவளிடம் "படிப்பு விடுப்பு" என்று சொல்லியிருந்தார். ஏறக்குறைய முப்பது வருடமாக அந்த ஒரு பொய்யைக் கண்ணாடிக் குடுவைபோல் காப்பாற்றிவந்தார்.

"இன்னா சாரே, மூஞ்ச இப்டி வெச்சிகினு கீற?" என்றார் பேனருக்குக் கீழே நின்றிருந்த கலீலுல்லா. "உம் மானம் கப்பலேறிகினு கீது. நாங்க சும்மா குந்திகினு இருப்பமா?"

"யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதானே சொன்னேன், கலீல்?"

"தெரிஞ்சவன் தப்பா பேசக்கூடாதுல்ல. அதான் எல்லாருக்கும் சரியா சொல்லிட்டோம்."

"போரிக் பவுடரை எதுக்குப் போட்டே?"

"எடுத்தத எடுத்தேன்னு ஒத்துக்கினாதான், எடுக்காதத நம்புவான்."

"பேனரை எடுத்துடு."

"எடுத்தா பயந்துட்டன்னு பேசுவானுங்கோ. அந்த எடத்த மட்டும் மறச்சிடறேன், வுடு."

வெள்ளைத் தாள் ஒட்டினார். தாள் போதவில்லை. 'போரிக்' மறைந்தது, 'பவுடர்' நின்றது. பதினோரு மணிக்கு ஒரு போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி, அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்து, "போதைப் பவுடரா?" என்று முணுமுணுத்தபடி போட்டோவும் எடுத்துக்கொண்டு போனார்.

வேலப்பன் மறுபடி ஓடினார். இந்தத் தடவை முகத்தை மட்டும் விட்டு, கீழே எழுத்து முழுவதையும் ஒரு வெள்ளை வேட்டியால் மூடினார்கள்.

மதியம் பழைய மாணவர்கள் இரண்டு பேர் ரோஜா மாலையோடு வீட்டுக்கு வந்தார்கள். கதவைத் திறந்தவர் வேலப்பனே என்று கண்டதும், "பேனர்ல வெள்ளைத் துணியப் பாத்துட்டு..." என்று இழுத்தார்கள். பிறகு வாங்கிவந்த மாலையை அவர் கழுத்திலேயே போட்டுவிட்டு, காபி கூடக் குடிக்காமல் போனார்கள்.

"யாருங்க அது?" என்றாள் தங்கபுஷ்பம், உள்ளேயிருந்து.

"பசங்க. சும்மா பார்த்துட்டுப் போக."

மாலையைக் கழற்றுவதற்குள் சித்தார்த்தே வந்துவிட்டான். காலையில் வேலப்பன் போனில் "தனியா பேசணும்" என்று சொன்னதை, ஆசீர்வாதம் பண்ணக் கூப்பிடுகிறார் என்று எடுத்துக்கொண்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. நேராக அவர் காலில் விழுந்தான்.

"மாலையோட நிக்கிறீங்களே சார். டிரெய்லர் பிடிச்சிருக்குன்னு இப்பதான் நிம்மதி."

"மெதுவா பேசுப்பா. வெளியே போயி..."

"அம்மா, நீங்களும் முதல் காட்சிக்கு வரணும்," என்றான் அவன், சமையலறைப் பக்கம் திரும்பி. "சார சஸ்பெண்ட் பண்ண அன்னிக்கு நாங்க எல்லாரும் கேட்டாண்ட நின்னுகினு இருந்தோம். சாரு குடைய விரிச்சிகினு, திரும்பிப் பாக்காம நடந்து போனாரு. அதாம்மா என் படத்துல கடைசி சீன்."

வேலப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மனு எழுதினது யாருன்னு மட்டும் படத்துல சொல்லல சார். நமக்கே தெரியாதுல்ல."

அந்த வகுப்பில் பெண்கள் நான்கே பேர். எழில்மொழி என்ற மாணவிதான் எழுதியிருப்பாள் என்று வேலப்பன் மனதுக்குள் தீர்ப்பு எழுதி, அவள் கல்யாணத்துக்குக்கூடப் போகாமல் இருந்துவிட்டார்.

சித்தார்த் விடைபெற்றுப் போனான். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதி ஓய்ந்தது.

அந்த இரண்டு மாதங்கள் அவருக்கு நினைவு வந்தன. அதற்கு முன்பெல்லாம் கல்லூரி விட்டால் கேரம் கிளப், கிளப் விட்டால் தூக்கம். அந்த இரண்டு மாதமும் காலையில் இருவருமாகக் காசிமேட்டு மீன் சந்தைக்குப் போனார்கள். யார் பேரம் பேசுவது என்று சண்டை போட்டபடி வஞ்சிரம் வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டெய்னர் லாரி வராத சாலையில் அவளுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தார். ஒருநாள் ரயிலேறி மீஞ்சூர் வரை போனார்கள். அங்கே எந்த வேலையும் இல்லை. பிளாட்பாரத்தில் ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பினார்கள். வழியெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். மீண்டும் வேலையில் சேர்ந்த முதல் நாள், கேரம் கிளப்புக்குப் போக அவருக்குக் கால் வரவில்லை. ஆனாலும் போனார்.

தங்கபுஷ்பம் வந்து அவர் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றினாள்.

"புஷ்பம், அது படிப்பு விடுப்பு இல்ல."

"தெரியும். பாக்கெட் நிறைய வெள்ளைப் பொடியோட வந்த பேன்ட்டை எல்லாம் துவைச்சது யாரு?"

"அப்பவே தெரியுமா? ஏன் ஒண்ணும் கேக்கல?"

அவள் மாலையை ஆணியில் மாட்டி, உதிர்ந்த இதழ்களைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"கேட்டேனே. உங்க பிரின்சிபால்தான் ரெண்டே மாசத்துல திருப்பிக் கூப்பிட்டுக்கிட்டாரு. நான் மனுவுல ஆறு மாசம்னுல்ல எழுதியிருந்தேன்."