ஐரோப்பா அண்ணனின் இரண்டாவது நாற்காலி

பக்கத்து ஸ்டேஷனான சின்னசேலத்தில்கூட ரயிலேறாமல் ஐரோப்பாவில் வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் ஐரோப்பா அண்ணன்தான். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டார்.

கள்ளக்குறிச்சியில் செருப்புக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். அமெரிக்கர்கள் பேசியனுப்பும் பதிவுகளை ஹெட்போனில் கேட்டு டைப் அடிக்க வேண்டும். பெருமூச்சு விட்டால் அதையும் அடைப்புக்குறிக்குள் போடுவது விதி. ஐரோப்பாவைப் பற்றி வந்தாலே அந்தக் குரல்கள் பெருமூச்சு விட்டன. அங்கே ரொட்டிக்கடைக்கு நடந்தே போகிறார்களாம். ஒரே காபியோடு ரெண்டு மணி நேரம் உட்காரலாமாம். ஆகஸ்ட் முழுக்க லீவாம், ஆபீஸிலிருந்து போன்கூட வராதாம்.

"நாம அமெரிக்காவப் பாத்து ஏங்கறோம், அவன் ஐரோப்பாவப் பாத்து ஏங்கறான். நடுவுல அவன் எதுக்கு தம்பி? நேராப் போய்டலாம்" என்றார் அண்ணன்.

போயே விட்டார். முதலில் பைக்கை விற்றார். அப்புறம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒரே டீயோடு ரெண்டு மணி நேரம்.

"இன்னா சார், ஈயே குடிச்சிட்டுப் போயிடுச்சு, நீங்க இன்னும் குந்திக்கினு இருக்கீங்க?" என்றார் கடைக்கார பாய்.

"ஐரோப்பாவுல இப்பிடிக் கேக்க மாட்டாங்க பாய்."

"அங்க பெஞ்சு ஜாஸ்தி. எனக்கு இருக்கறது ஒண்ணு!"

சிரித்துக்கொண்டிருந்தோம், அவர் ஹெட்போனுக்குப் பதில் சொல்லத் தொடங்கும்வரை. "பொறுங்கம்மா, போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்." என்றைக்கோ பதிவான குரல் அது. "நான் பேசறப்ப அவங்க நிறுத்திக்கறாங்க தம்பி" என்றார்.

ஆகஸ்ட் பிறந்ததும் போனை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு, பந்தல்காரரிடம் வாடகைக்கு வாங்கிய ரெண்டு மடக்கு நாற்காலிகளோடு வெள்ளிமலை பஸ் ஏறிவிட்டார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "திங்கக்கிழம அவரு சீட்டுல இல்லன்னா வேற ஆளப் போட்டுடுவேன். போயி சொல்லுங்க."

மலையில் மூடுபனி. சாமைக்காட்டு ஓரம் ஒரு பாறை. அதன்மேல் ரெண்டு நாற்காலிகள் பனியில் மிதப்பதுபோல் நின்றன. ஒன்றில் அண்ணன். ஆளில்லாத நாற்காலியின் எதிரே ஒரு டம்ளர் காபி, ஆவி பறந்தது.

"நான் வர்றது தெரியுமாண்ணே?"

"தெரியாது. தெனமும் வெக்கறேன். ஹெட்போன்ல பேசறவங்கள்ல யாராச்சும் வந்தா?"

"வந்தாங்களா?"

"பாக்கல." அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "ஆனா டம்ளர் காலியாயிடுது."

உட்காரத் தயங்கி உட்கார்ந்தேன். "திங்கக்கிழம வரலன்னா வேல போயிடும்ணே."

"போவட்டும். காபி ஆறுது, குடிங்க."

குடித்தேன். பனி எங்கள் முழங்கால்வரை ஏறி இறங்கியது. மனசில் ஒரு கவலை எழுந்து, பேச ஆளில்லாமல் திரும்பிப் போனது. கடைசி பஸ்ஸின் ஹாரன் கேட்டபோதுதான் எனக்கு ஊர் என்று ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. அவர் சீட்டும் பாதியில் நின்ற பதிவும் எனக்கு வந்தன. ஒரு வயதான அம்மாவின் குரல்: அங்கே போய் ஒரு நாள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு. அடைப்புக்குறிக்குள் போட்டேன். சரிபார்க்கத் திரும்ப ஓட்டினேன். பதிவில் பெருமூச்சே இல்லை.

அது நான் விட்டது.

அண்ணே, அந்த ரெண்டாவது நாற்காலியை மடக்கிடாதீங்க.