சசெக்ஸ் ஸ்பேனியலும் சூலூர் மாரியாத்தாளும்

"லொள்!"

சத்தம் புருஷன் மில்லுக்குச் சோறு கொண்டுபோகும் ஒயர் கூடைக்குள்ளிருந்து வந்தது. சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாரியாத்தாள் நிமிரவில்லை.

"ஏனுங்க, தூக்குப்போசி குரைக்குதுங்களா?"

புருஷன் அங்கப்பன் நூல்மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்திருந்தார். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீடு அவருக்குக் கரண்ட் போன மிஷினாகக் கிடந்தது. தான் வந்தால் வாலாட்ட ஒரு ஜீவன் வேண்டும். மாரியாத்தாளுக்கு வால் இல்லை, இருந்தாலும் ஆட்டமாட்டாள். நாயென்றால் அவள் சம்மதிக்கவே மாட்டாள் என்று கேட்காமலே முடிவு கட்டிவிட்டார். இந்தச் சமயத்தில்தான் மில் கூட்டாளி சென்னகேசவன், அபூர்வ சாதி என்று சொல்லி ஒரு குட்டியைக் கொடுத்தார். அங்கப்பன் அந்தச் சாதியின் சரித்திரத்தையே செல்போனில் படித்து மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார்.

"இது நாயில்ல புள்ள. சசெக்ஸ் ஸ்பேனியல்."

"என்னது, சாணியள்ளா?"

"ஸ்பேனியல்! இங்கிலாந்துல புதர்க்காட்டு வேட்டைக்கு வளத்துனது. மத்த ஸ்பேனியலுக வாயத் தொறக்காம தேடும். இது குரைச்சுக்கிட்டே தேடும்."

"தொரைக்கே லொள்ளு பண்ணுச்சாக்கும்?"

"கேளு புள்ள. ரெண்டாம் உலகப்போர் முடியறப்ப விரல் விட்டு எண்ணற அளவுதான் மிச்சம். ஒரே ஒரு பொம்பளதான் கைவிடாம இந்த வம்சத்தையே காப்பாத்துச்சு."

வெங்காயக் கத்தி நின்றது.

"ஆம்பளைக எங்க போனாங்க?"

"சண்டைக்குப் போயிருப்பாங்க."

"போனவங்க போயிட்டாங்க. குளிப்பாட்டறது, கூட்டறது, கக்கா அள்ளறது எல்லாம் அந்தப் பொம்பள. நீங்களும் ஷிப்ட்டுக்குப் போயிருவீங்க. எனக்கு ஆகாதுங்க. கொண்டுபோய் உட்டுப்போட்டு வாங்க."

குட்டி கூடை விளிம்பில் தாடையை வைத்து அங்கப்பனைப் பார்த்தது. அவர் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நானே குளிப்பாட்டறேன்."

"ம்."

"நடக்கக் கூட்டிட்டுப் போறேன். முடி கூட்டறதும் நாந்தான்."

"கக்கா?"

"...நானே."

"மாரியாத்தா மேல சத்தியமா?"

"எந்த மாரியாத்தா?"

"ரெண்டு பேரு மேலயும்."

சத்தியம் செய்தார். இங்கிலாந்தையே ஜெயித்த மாதிரி மீசையைத் தடவினார். அப்போது வாசலில் மொபெட் வந்து நின்றது. சென்னகேசவன், கையில் கழுத்துப்பட்டையோடு.

"ஏனம்மணி, குட்டி வந்து சேந்துச்சா? நீ சொல்லிக்குடுத்தபடியே அபூர்வ சாதின்னு சொல்லித்தான் குடுத்தேன். பேரத் தேடிப் புடிச்சதுலதான் நாக்கு சுளுக்கிப்போச்சு."

"வந்துச்சுங்ணா. உக்காருங்க, காப்பி போடறேன்."

அங்கப்பனின் கை மீசையிலேயே நின்றது.

"அப்ப இது ஸ்பேனியல் இல்லியா?"

"கிணத்துக்கடவுல நம்ம தோப்பக் காக்கற நாயோட குட்டிங்க. குரைக்கறதுல மட்டும் கொறையே இருக்காது" என்றார் சென்னகேசவன்.

அங்கப்பன் பெண்டாட்டி பக்கம் திரும்பினார்.

"ஏம்புள்ள, நாய் வேணும்னு எங்கிட்ட நேராக் கேட்டிருக்கலாமல்ல?"

"நீங்க இல்லாத ராத்திரிக்கு எனக்கும் ஒரு தொணை வேணுமுங்க." குட்டியைத் தூக்கி மடியில் வைத்தாள். அதன் வால் அவளுக்காக ஆடியது. "நேராக் கேட்டிருந்தா, சத்தியம் யாருங்க பண்ணியிருப்பாங்க?"

குட்டி மடியிலிருந்து நழுவி இறங்கி, கதவோரம் போய் வாலைத் தூக்கிக் குந்தியது.

மாரியாத்தாள் அங்கப்பனைப் பார்த்தாள். அடுத்த வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினாள்.