நாற்பது சாடிகளும் ஒரு கூடையும்

ஒரே ஆற்றில் குளித்து, ஒருவரை ஒருவர் பார்த்துக் காறித் துப்பிக்கொண்டு வாழ்ந்த இரண்டு நாடுகள் உண்டு. வடகரை, தென்கரை. ஆளுக்கு நாற்பது சாடி இடிமருந்து வைத்திருந்தார்கள். ஒரு சிட்டிகை போதும், ஒரு தெரு இருக்காது. ஒரு சாடி வெடித்தால் இரு கரையும் போய்விடும். பிறகு நாற்பது எதற்கு என்று கேட்பீர்கள். எதிர்க்கரையில் நாற்பது இருக்கிறதே, அதற்குத்தான்!

தென்கரையின் சாடிகள் செங்கமலத்தின் வயலில் புதைந்திருந்தன. மூன்று மா நிலம். ஒரு வாரத்துக்கு என்று வாங்கினார்கள். இருபது ஆண்டு ஆகிவிட்டது. அவள் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்தாள்.

ஓர் ஆடி மாதம் அந்த அதிசயம் நடந்தது. இரு நாட்டு மன்னர்களும் நடு ஆற்றில், படகு ஆட ஆட, கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்! நட்புத்துறை அமைச்சர் பராக்கிரமனார் முரசறைந்து அறிவித்தார்.

"இரு நாடும் சாடிகளைக் காலி செய்யும். காலிச் சாடிகளை நண்பருக்கு அனுப்பும். அவர் கவிழ்த்துப் பார்த்து, தட்டிப் பார்த்து, திருப்பி அனுப்புவார். நிலம் உரியவரிடம் ஒப்படைக்கப்படும்!"

ஊரே துள்ளியது. செங்கமலம் வீட்டுக்கு ஓடி, இருந்த விதைநெல் முழுவதையும் ஊறப் போட்டுவிட்டாள்.

"ஏன்டி, முழுசையுமா? அரமனைப் பேச்ச நம்பியா?" என்றாள் பக்கத்து வீட்டுக் காத்தாயி.

"இருபது வருசம் பொறுத்தாச்சுக்கா. இனி எம்மனசு நிக்காது!"

நட்பு என்றால் சும்மாவா? முதல் ஆணை: மூன்று நாள் எல்லோரும் கரையில் நின்று கொடி அசைக்க வேண்டும், வேறு வேலை கூடாது. இரண்டாவது: நட்புப் படகுகள் போக வழிவிட்டு மீன்பிடிப் படகுகள் நிற்க வேண்டும். மூன்றாவது: மருந்தை வெளியே கொட்டுவதால் ஊரில் ஓர் அடுப்பும் எரியக் கூடாது. மக்கள் பட்டினியோடு உற்சாகமாகக் கொடி அசைத்தார்கள். கொட்டிய மருந்தை என்ன செய்வது என்று மட்டும் ஒப்பந்தத்தில் ஒருவரும் எழுதவில்லை. அது வயலில் குன்றாகக் கிடந்தது.

வடகரையின் காலிச் சாடிகள் வந்தன. தட்டினார்கள், கவிழ்த்தார்கள், மகிழ்ந்தார்கள். திருப்பி அனுப்பும்போதுதான் கிடங்குக்காரர் மாசிலாமணி அமைச்சர் முன்னால் தலையைச் சொறிந்தார். யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பது இரு கரைக்கும் பொதுவான வழக்கம். வழக்கம் மட்டுமல்ல, சட்டம். மீறினால் ஆறு மாதச் சிறை.

"வெறும் சாடியா எப்படிங்கய்யா அனுப்பறது?"

"சேச்சே! நட்புக்கே இழுக்கு. எதையாவது நிரப்பும்."

"ஊர்ல ஒரு பிடி அரிசி இல்லீங்களே. என்னத்த நிரப்ப?"

அமைச்சர் சுற்றிலும் பார்த்தார். குன்று தெரிந்தது. அதே நேரம் வடகரை அமைச்சரும் தம் குன்றைப் பார்த்துவிட்டார். பெருந்தன்மையில் இருவரும் சளைத்தவர்கள் இல்லை.

மாலையில் தென்கரையின் நாற்பது சாடிகளும் விளிம்பு தளும்பத் திரும்பி வந்தன. பராக்கிரமனார் மேடையேறினார்.

"மாபெரும் வெற்றி! நம் மருந்தில் ஒரு குன்றிமணிகூட இன்று நம் மண்ணில் இல்லை. இருப்பதெல்லாம் நண்பர் தந்த அன்பளிப்பு. அன்பளிப்பை அழிப்பது துரோகம். ஆகவே இதே வயலில் என்றென்றும் காப்போம்!"

கைதட்டல் காதைப் பிளந்தது. சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லையே!

செங்கமலம் கூடையோடு முன்னே வந்தாள். "விதை முளைச்சுருச்சுங்கய்யா. நாளைக்குள்ள தெளிக்கலேன்னா அழுகிரும். எங்க கொண்டு தெளிக்க?"

"பொறுமை, அம்மா. நட்பு முதிர வேண்டாமா?" என்று அமைச்சர் பல்லக்கில் ஏறிப் போய்விட்டார்.

அவள் கூடையை மாசிலாமணியின் முன்னால் வீசினாள். "இந்தா! இதையும் உங்க அரமனையே தின்னுட்டுப் போகட்டும்!"

மாசிலாமணி சட்டத்துக்குப் பயந்த மனிதர். முளைவிட்ட நெல்லைப் பத்திரமாக ஈரச் சாக்கில் கொட்டிக்கொண்டார். கூடையை என்ன செய்வது? "வெறுங்கூடை கொடுத்தா எனக்கு ஆறு மாசம்மா" என்று திறந்திருந்த சாடியிலிருந்து இரண்டு கை மருந்து அள்ளிப் போட்டு, வாழையிலையால் மூடித் தந்தார். "பாத்துப் போம்மா. தடுக்கிறாத."

கூடையில் என்ன இருக்கிறது என்ற செய்தி விடிவதற்குள் இரு கரைக்கும் எட்டிவிட்டது. பராக்கிரமனார் செருப்பைக் கழற்றிவிட்டுச் செங்கமலத்தின் வாசலில் மாலையோடு நின்றார். பின்னால் வடகரைத் தூதுவர், இன்னும் பெரிய மாலையோடு.

"அம்மையே! தங்களோடு நட்பு பாராட்ட இரு நாடும் துடிக்கின்றன!"

"மொதல்ல நெலம்" என்றாள் அவள்.

அடேயப்பா, என்ன வேகம்! உச்சிப்பொழுதுக்குள் நாற்பது சாடியும் அரண்மனைக் கொல்லைக்குப் போய்விட்டன. அரண்மனை எருதுகளே வயலை உழுதன. ஈரச் சாக்கு திரும்பி வந்தது. இருட்டுவதற்குள் அவள் நாற்றங்காலில் விதை தெளித்துவிட்டுச் சேற்றுக் காலோடு வரப்பில் உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள்.

"இனி அந்தக் கூடையைத் தாங்கள்..." என்று இழுத்தார் அமைச்சர்.

"தாரேங்கய்யா. நீங்க சாடியக் காலி பண்ற அன்னிக்கு."

மறுநாள் காலை அரண்மனை வாசலில் காத்தாயி வந்து நின்றாள். அரசருக்குக் காணிக்கையாக ஒரு கூடை வெண்டைக்காய் கொண்டுவந்திருந்தாள். "கூடைய மட்டும் திருப்பிக் குடுத்துருங்க" என்றாள். அவளுக்குப் பின்னால், ஆளுக்கொரு கூடையோடு, வரிசை ஆற்றங்கரை வரை நீண்டிருந்தது.