குளூட்டனுக்குக் காப்புக் கட்டிய ஊர்

கீரமங்கலத்தில் அதுவரை அம்மனுக்குத்தான் காப்புக் கட்டியிருந்தார்கள். சென்ற சித்திரையில்தான் முதல்முறையாகக் கோதுமைக்குள் இருக்கும் ஒரு புரதத்துக்குப் பயந்து காப்புக் கட்டினார்கள்.

கடைவீதி முனையில் ஆளுயரத்தைத் தாண்டி ஒரு ஃப்ளெக்ஸ். 'கோதுமை என்னும் கொடிய விஷம்! குளூட்டன் முறிப்பு மகா முகாம்!' நடுவில் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார் பிரசாந்த்ஜி. முந்தின வருஷம் வரை இதே பிரசாந்த் புதுக்கோட்டையில் காந்தப் படுக்கை விற்றார். படுத்தால் சர்க்கரை இறங்கும் என்றார். படுத்தவர்கள் எழுந்து உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்ததும், பெயருக்குப் பின்னால் ஒரு 'ஜி'யை ஒட்டிக்கொண்டு ஊர் மாறிவிட்டார்.

கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. வடகாடு, ஆலங்குடி, கொத்தமங்கலம் என்று ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு வந்தது கூட்டம். அத்தனையும் சோறு தின்கிற சனம். ஆனாலும் கை நீட்டிய எல்லாருக்கும் கோதுமை வியாதி இருந்தது. முட்டி வலியா? குளூட்டன். தூக்கம் வரவில்லையா? குளூட்டன். மகனுக்குப் பெண் அமையவில்லையா? ஜி ஒரு நிமிடம் கண்ணை மூடி யோசித்தார். அதுவும் குளூட்டன்தான்.

பரிசோதனைக்கு ஊசியில்லை, ரத்தமில்லை. இடது கையில் கோதுமை மாவுப் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு வலது கையை நீட்டவேண்டும். ஜி இரண்டே விரலால் அமுக்குவார். கை சொத்தென்று விழும். அடுத்து அரிசி மாவுப் பாக்கெட். இப்போது அமுக்கினால் கை கம்பி மாதிரி நிற்கும்.

"பாத்தீங்களா? ஒடம்பு பொய் சொல்லாதுங்க!" என்பார் ஜி. உண்மைதான். அந்த மேடையில் பொய் சொல்லாதது அது ஒன்றுதான்.

கை விழுந்தவர்களுக்கு மஞ்சள் கயிற்றில் காப்பு. கூடவே 'விடுதலை மாவு' ஒரு பை. உள்ளே இருந்தது அரிசியும் கேழ்வரகும். விலையைக் கேட்டால்தான் நிஜமாகவே கை விழும். மூன்று முகாம் முடிந்தால் குளூட்டன் முறிந்துவிடுமாம். அப்புறம் பரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிடலாமாம்.

காப்புக் கட்டினால் விரதம். விரதம் என்றால் நம்மூரில் சோறு கிடையாது, டிபன்தான். டிபன் என்றால் உப்புமா. ஆகவே ஊரே பயபக்தியோடு கோதுமையை ஒதுக்கிவிட்டு, ரவை உப்புமாவை வளைத்துக் கட்டியது. மண்டபத்திலேயே அண்டா அண்டாவாகக் கிண்டிப் போட்டார்கள். "ஒடம்பே பஞ்சு மாதிரி இருக்குப்பா" என்று தடவிக்கொண்டார்கள்.

இத்தனை பேருக்கு நடுவில் அந்த வியாதி நிஜமாகவே இருந்த ஒரே ஆள் ராஜலட்சுமி.

இன்சூரன்ஸ் ஏஜெண்ட். பயத்தைக் காட்டி பாலிசி போடவைப்பதில் பழுத்த கை. சில வருஷங்களுக்கு முன்னால் அவள் கரைந்து கரைந்து ஈர்க்குச்சியாகிப் போனாள். எதைத் தின்றாலும் வயிற்றில் தங்கவில்லை, ரத்தமும் ஊறவில்லை. கடைசியில் திருச்சியில் ரத்தம் எடுத்து, குடலுக்குள் குழாய் விட்டு, சதை கிள்ளிப் பார்த்துச் சொன்னார்கள். "கோதுமை தின்னா வயிறு உப்புசம்னு சில பேர் வருவாங்க, அது வேற. உங்களுது குளூட்டன் பட்டாலே கொடலு அரிச்சுப்போற வியாதி. நூத்துல ஒருத்தருக்கு இருந்தாலே அதிகம், நம்ம பக்கம் அதுவும் கம்மி. ஆனா உங்களுக்கு இருக்கு. ஆயுசுக்கும் ஒரு வாய் பரோட்டா கூடாதும்மா" என்றார் டாக்டர். லாட்டரியில் விழாத அதிர்ஷ்டம் இதில் விழுந்தது.

கோதுமையை விட்டதும் உடம்பு தேறியது. உறவுதான் தேறவில்லை. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்க் கை நனைக்காமல் திரும்புவது நம்மூரில் செருப்பால் அடிப்பதற்குச் சமம். காதுகுத்தோ கல்யாணமோ, ராஜலட்சுமி டிபன் பாக்ஸோடுதான் போனாள். "எங்க வீட்டு எலை அவளுக்கு ஆகாதாம்ல" என்று பந்திக்குப் பந்தி பேச்சு. அதில் முதல் வாய் நாத்தனார் சொர்ணவல்லியுடையது.

இப்போது ஃப்ளெக்ஸின் கீழ் மூலையில் ராஜலட்சுமியின் போட்டோ. 'மருத்துவம் கைவிட்டவர் ஞாயிறன்று மேடையில் பரோட்டா உண்கிறார்!'

"ஏங்க, இது யாரு குடுத்த போட்டோ?"

அவள் புருஷன், தேங்காய் வியாபாரி திருப்பதி, உரித்த மட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்காதான்... நானும் சரின்னுட்டேன். ஒரே ஒரு பரோட்டா புள்ள. எத்தனை வருசத்துக்கு டப்பாவத் தூக்கிட்டு அலையிறது? மாமன் மச்சான் மூஞ்சில முழிக்க முடியல."

"தின்னுட்டு நான் ஆஸ்பத்திரில கெடந்தா?"

"ஜிதான் முறிச்சிருவாருல்ல."

"அவரு முறிக்கிறது கெடக்கட்டும். எங் கொடலு முறிஞ்சா அதுக்கு பாலிசி கெடையாது, தெரியும்ல?"

ஞாயிற்றுக்கிழமை. மேடையில் வெள்ளித் தட்டு, அதில் ஒரு பரோட்டா. பக்கத்தில் சால்னா. பட்டுப்புடவையில் சொர்ணவல்லி முதல் வரிசையில்.

"வாங்கம்மா!" என்றார் ஜி. "இன்னைக்கு நீங்க மறுபிறவி எடுக்கப் போறீங்க!"

"எடுத்துருவோம் ஜி. முறிஞ்சிருச்சான்னு கையி சொல்லணும்ல? ஒரு தடவ பாத்துட்டுத் தின்னுர்றேன்."

"தாராளமா!"

ராஜலட்சுமி கையோடு கொண்டுவந்த இரண்டு தாம்பூலப் பைகளை எடுத்தாள். இரண்டும் ஒரே காதுகுத்தில் வாங்கியவை. ஒரே நிறம், ஒரே அச்சு. ஜியின் மேசையிலிருந்த கோதுமை மாவுப் பாக்கெட்டை ஒன்றிலும் அரிசி மாவுப் பாக்கெட்டை இன்னொன்றிலும் போட்டு, வாயை இறுகக் கட்டி, மைக்செட்காரர் உதயசூரியனிடம் நீட்டினாள்.

"அண்ணே, அந்தத் திரைக்குப் பின்னாடி போயி மாத்தி மாத்திப் போட்டு, ஒரு பையக் கொண்டாங்க. எது எதுன்னு எனக்கும் தெரியவேணாம், ஜிக்கும் தெரியவேணாம்."

ஜியின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "இதெல்லாம் எதுக்கும்மா..."

"ஒடம்பு பொய் சொல்லாதுல்ல ஜி? பையப் பாத்தா பயந்துருமா?"

கூட்டம் சிரித்துவிட்டது. சிரித்த கூட்டத்துக்கு முன்னால் பின்வாங்க முடியாது.

பை வந்தது. முதலில் சொர்ணவல்லி. ஜி பையை உற்றுப் பார்த்தார், உதயசூரியன் முகத்தைப் பார்த்தார், அமுக்கினார். கை விழுந்தது. "கோதுமை!" அடுத்து ஒரு பூக்கடைக்காரர், கை விழுந்தது. அடுத்தவர் கேபிள் இழுக்கிற ஆள், வாட்டசாட்டம். ஜி தொங்கிப் பார்த்தார். கை அசையவில்லை. நாலாவது ஆளுக்கும் நின்றது. அதே பைதான், இரண்டு பேருக்குக் கோதுமை, இரண்டு பேருக்கு அரிசி.

"என்னங்க ஜி, பைக்குள்ள எதுவும் கட்சி மாறுதா?" என்றது பின்வரிசை.

உதயசூரியன் பையை அவிழ்த்தார். அரிசி மாவு.

"அப்ப எங் கையி ஏன் விழுந்துச்சு?" என்று எழுந்துவிட்டாள் சொர்ணவல்லி.

"கைய நீட்டுங்க ஜி" என்றாள் ராஜலட்சுமி. அவருடைய இடது கையில் தன் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தைக் கிள்ளி வைத்தாள். நீட்டிய வலது கையை முழங்கைக்குப் பக்கத்தில் அமுக்கினாள், நின்றது. மணிக்கட்டில் அமுக்கினாள், சொத்தென்று விழுந்தது. "அரிசின்னா இங்கிட்டு அமுக்குவாரு, கோதுமைன்னா அங்கிட்டு. அம்புட்டுத்தான் அண்ணி. பாவம், ஜிக்கு மல்லியப்பூவும் ஒத்துக்காது போல."

மண்டபம் அதிர்ந்தது. ஆனாலும் சொர்ணவல்லி விடவில்லை. "அதெல்லாம் சரி. கோதுமைய விட்டப்புறம் எனக்கு ஒடம்பு லேசா இருந்துச்சே, அது பொய்யா?"

"காப்புக் கட்டுனதுலேருந்து என்ன சாப்பிட்டீங்க அண்ணி?"

"உப்புமாதான்."

"ரவை எதுலேருந்து வருதாம்?"

சொர்ணவல்லி யோசித்தாள். சமையல்கட்டு வாசலில் கரண்டியோடு நின்ற மருதாயிக்குப் பொறுமையில்லை. "கோதுமையத்தாண்டி ஒடைச்சு ரவைங்கிறான்! இத்தனை நாளா மூட்ட மூட்டையாக் கொட்டிக் கிண்டுறேன், ஒருத்தியாச்சும் கேட்டீங்களா?"

எல்லாரும் ஜியைத் தேடித் திரும்பினார்கள். மேடை காலி. கேட்டதெல்லாம், பின்வாசல் வழியாக ஒரு கார் கிளம்பிய சத்தம்.

"அப்ப லேசா இருந்தது?" சொர்ணவல்லியின் குரல் இறங்கிவிட்டது.

"ராத்திரி நாலு பரோட்டாவ நிறுத்துனா யாருக்குமே லேசாத்தான் அண்ணி இருக்கும்."

வெள்ளித் தட்டுப் பரோட்டா ஆறிப்போய்க் கிடந்தது. அதைத் திருப்பதி எடுத்தார். மனைவியைப் பார்க்கத் துணிச்சலில்லாமல், சால்னாவில் நனைத்துத் தானே தின்று தீர்த்தார். அடுத்த வாரம் கொத்தமங்கலத்தில் ஒரு காதுகுத்து. டிபன் பாக்ஸை அவரே தூக்கிக்கொண்டு நடந்தார். பந்தியில் யாரோ முகம் சுளித்தபோது, "அவளுக்கு நெசமாவே ஒத்துக்காதுப்பா. எலையப் போடுங்க, அதுல வச்சுத் திம்பா" என்றார். சொர்ணவல்லியே இலையைத் துடைத்துப் போட்டாள்.

ஃப்ளெக்ஸ் இப்போது ஒரு பரோட்டாக் கடைக்குப் பின்தட்டி. ஜி அதிலும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். அறந்தாங்கிப் பக்கம் பால்தான் விஷம் என்று யாரோ கையைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. கூட்டமாம்.

போகிறவர்கள் போங்கள். ஒன்றே ஒன்றை மட்டும் யோசித்துக்கொண்டே போங்கள். கை விழுந்தது, அவர் அமுக்கியதால். மூளையை யாருமே தொடவில்லையே, அது ஏன் விழுந்தது?