ஐந்து வருட வாரண்டியும் அகிலாவின் ஏழாம் மாதமும்

ரங்கத்,
மத்திய அந்தமான்.
செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி, நல்ல மழை.

மதிப்பிற்குரிய சம்பந்தி திரு. உதயசூரியன் அவர்களுக்கு,

பொதுப்பணித் துறையில் முப்பத்தோரு வருடம் ரோடு போட்டு ஓய்வு பெற்ற பழனியாண்டி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் என் சம்சாரம் நீலாவதியும் எங்கள் காரும் சுகம். அங்கே தாங்களும், சம்பந்தியம்மா வசந்தகுமாரி அவர்களும், எங்கள் மகள் அகிலாவும், அவள் வயிற்றில் இருக்கும் நம் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். தங்கள் காரின் சுகத்தை மட்டும் விசாரிப்பதாக இல்லை. அது போர்ட் பிளேர் அபர்டீன் பஜார் முழுக்கத் தெரிந்த விஷயம்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து தாங்கள் என்னை நீக்கிவிட்டபடியால் தபால் துறையை நம்பி எழுதுகிறேன். விடியற்காலையிலிருந்து இங்கே கரண்ட் இல்லை. வீட்டுக்குள் ஒரே இருட்டு. ஆகவே என் காரில் உட்கார்ந்து, உள்விளக்கைப் போட்டு, ஃபேனை மூன்றில் வைத்து, போனை சார்ஜில் மாட்டி, பழைய பாட்டுக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். பெட்ரோல் வீணாகக் கூடாதே என்று இஞ்சினை அணைத்துவிட்டேன். உங்கள் காரில் இப்படி நிம்மதியாக உட்கார முடியுமா சம்பந்தி? கதவைத் திறந்தாலே அது நம்மைத் திட்ட ஆரம்பித்துவிடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு அகிலாவுக்கு ஏழாம் மாதம் முடிகிறது. எட்டாம் மாதத்தில் பிள்ளைத்தாய்ச்சியைத் தாய் வீட்டுக்கு அழைத்து வரக் கூடாது என்பது உங்களுக்கும் தெரியும், உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் தெரியும். ஒன்பதாம் மாதம் இந்த ரோட்டில் அழைத்து வரலாமா என்று ரோடு போட்டவனிடமே கேளுங்கள், வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆக, மிச்சம் இருப்பது ஆறு நாள். நீலாவதி ரூமைக் கழுவி, புதுக் கொசுவலை கட்டி, தலையணைக்கு உறை தைத்துப் போட்டு இருபது நாள் ஆகிறது. தினமும் அந்த ரூம் வாசலில் போய் நின்றுவிட்டு வருகிறாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் தாங்கள் அனுப்பிய குரல் செய்தியில் சொன்னது என்ன? "அந்தத் தகர டப்பாவுல என் மருமகள ஏத்த மாட்டேன் சம்பந்தி. என் வண்டிக்கு அஞ்சு வருஷ வாரண்டி இருக்கு. ரெடியாகட்டும், நானே அலுங்காம குலுங்காம கொண்டாந்து விடுறேன்." இதை நான் பதினோரு தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் 'டப்பா' என்ற இடத்தில் என் ரத்தம் கொதித்தது.

வளைகாப்பு முடிந்த மறுநாள் அகிலாவை இங்கே அழைத்து வரக் கிளம்பியபோது நடந்தது உங்களுக்கு மறந்திருக்கும், ஞாபகப்படுத்துகிறேன். உங்கள் பெரிய காரில் அகிலா, நீங்கள், சம்பந்தியம்மா. பின்னால் என் சின்னக் காரில் நானும் நீலாவதியும் சீர்ப் பலகார டப்பாக்களும். முதல் கான்வாயைப் பிடிக்க அஞ்சு மணிக்கே ஜிர்காடாங் செக்போஸ்ட் வரிசையில் நின்றோம். பழங்குடிகள் வாழும் காட்டுக்குள் தனியாக வண்டி விடமாட்டார்கள், நடுவில் எங்கும் நிறுத்தவும் விடமாட்டார்கள், முன்னால் ஒரு போலீஸ் வண்டி, பின்னால் ஒரு போலீஸ் வண்டி, விட்டால் அடுத்த கான்வாய்தான் என்பது இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். உங்கள் காருக்குத் தெரியவில்லை. ஆறு மணிக்கு கேட் திறந்தது, முன்னால் நின்ற லாரி நகர்ந்தது, உங்கள் காரின் பெரிய திரையில் சிவப்பாக ஏதோ வந்தது, அங்கீகரிக்கப்பட்ட பணிமனையை உடனே அணுகவும் என்று இங்கிலீஷில் மரியாதையாகச் சொல்லிவிட்டு அது கண்ணை மூடிக்கொண்டது. போலீஸ்காரர் ஓடிவந்து, "அரே பாய், காடி சைட் கரோ! பூரா லைன் ருக் கயா!" என்று இந்தியில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிக் கத்த, நீங்கள் கண்ணாடியை இறக்கிப் பதில் சொல்லப் போக, கண்ணாடியும் இறங்கவில்லை. பஸ்ஸில் இருந்த ஜனம் எட்டுப் பேர் இறங்கித் தள்ளினார்கள். அசையுமா? ஹேண்ட்பிரேக்கும் கம்ப்யூட்டராம், அதுவும் தூங்கிவிட்டதாம். ஆனால் எனக்குத் தெரியும் சம்பந்தி, என் காரை நீலாவதி ஒருத்தியே தள்ளி ஸ்டார்ட் செய்துவிடுவாள்.

அப்போதாவது மகளை என் காருக்கு மாற்றியிருக்கலாமே. நான் சீர் டப்பாக்களை எல்லாம் மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி நீலாவதியை நகர்த்தி, பின் ஸீட்டில் தலையணைகூடப் போட்டுவிட்டேன். நீங்கள் விடவில்லை. ஒற்றைப் புள்ளி சிக்னலில் கம்பெனிக்குப் போன் போட்டீர்கள். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன். "சார், உங்களுக்கு அருகிலுள்ள சர்வீஸ் சென்டர் சென்னையில் இருக்கிறது, ஆயிரத்து முந்நூற்று எழுபது கிலோமீட்டர். வாரண்டி இருப்பதால் இழுவை வண்டி இலவசம். அனுப்பட்டுமா சார்?" என்று அந்தப் பெண் கேட்டாள். நடுவில் வங்காள விரிகுடா இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை, சரி. உங்களுக்குமா தெரியாது? "அனுப்பும்மா" என்று சொல்லி பின்கோடு வேறு கொடுத்தீர்கள். கான்வாய் போயே போய்விட்டது. சகுனம் சரியில்லை என்று அகிலாவை டாக்ஸியில் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனீர்கள். நாங்கள் இரண்டு பேரும் அடுத்த கான்வாயில் அவ்வளவு பலகாரத்தோடும் ஆளில்லாமல் வீடு வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் நீலாவதி அந்தத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அதற்கப்புறம் உங்கள் வாரண்டி என்ன செய்தது? சென்னையிலிருந்து விமானத்தில் ஒரு இஞ்சினியர் லேப்டாப்போடு வந்தார், காருக்கு அடியில் படுத்தார், எழுந்து, உப்புக் காற்றால் வரும் கோளாறுக்கு வாரண்டி செல்லாது, கடலிலிருந்து தள்ளி நிறுத்தியிருக்க வேண்டும் என்றார். தள்ளி என்றால் எங்கே சம்பந்தி? போர்ட் பிளேரில் கடலிலிருந்து தள்ளி நிறுத்த வேண்டுமானால் மரத்தில்தான் ஏற்ற வேண்டும். பிறகு நீங்கள் சண்டை போட்டு, ஒரு பாகம் மட்டும் வாரண்டியில் வரும் என்று ஒப்புக்கொண்டார்கள். பாகம் கப்பலில் வருகிறதாம். கப்பலையே பழுது பார்க்கக் கரையேற்றி டிரை டாக்கில் வைத்திருக்கிறார்களாம். அந்தக் கப்பலுக்கு எத்தனை வருட வாரண்டி என்று கேட்டீர்களா?

என் காரில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை, நான் நியாயஸ்தன். உங்கள் ஒரு கார் விலைக்கு என் கார் ஆறு வாங்கலாம். வாங்கிய மூன்றாம் மாதம் கதவுக் கைப்பிடி கையோடு வந்தது. மழையில் ஒரு வைப்பர் பறந்து போய் பின்னால் வந்த பஸ் டிரைவர் எடுத்துக் கொடுத்தார், வங்காளிப் பையன், தங்கமானவன். இடது பக்கக் கண்ணாடி இறங்கினால் ஏறாது, ஆகவே இறக்குவதில்லை. இரண்டு வருட வாரண்டி இருந்தபோது ஒவ்வொரு இலவச சர்வீஸுக்கும் போர்ட் பிளேருக்குக் கான்வாயில் போய்க் கான்வாயில் வந்து ஒரு ஹாரனை மட்டும் மாற்றிக்கொண்டேன். வாரண்டி முடிந்த அன்றுதான் எனக்கு மூச்சே வந்தது. இப்போது எல்லாம் ரங்கத் மத்தியாஸ்தான். தூத்துக்குடிக் குடும்பம், படகு இஞ்சின் மெக்கானிக். என் வைப்பரைத் தூண்டில் நரம்பால் கட்டிக் கொடுத்து, "அண்ணே, சுறா இழுத்தாலும் வராது" என்றார். இன்றுவரை வரவில்லை. உங்கள் காரை அவரிடம் காட்டலாம் என்றேன். "கம்பெனிக்காரன் தவிர எவனும் தொட்டா வாரண்டி போயிரும்" என்றீர்கள். தொட முடியாத காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது, கற்பூரம் காட்டவா? என் கார் மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட ஸ்டார்ட் ஆகாமல் என்னை ஏமாற்றியதில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். வியாழக்கிழமை முதல் கான்வாயில் கிளம்பி, என் தகர டப்பாவிலேயே அபர்டீன் பஜாருக்கு வருகிறேன். மாப்பிள்ளை அருண்பிரசாத் தெற்குக் கோடியில் கேம்பல் பேயில் டியூட்டியில் இருந்தபடி, "ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்ணுங்க மாமா" என்று சொல்லிவிட்டார். நான் முடிவு பண்ணிவிட்டேன். உங்கள் கடை வாசலில், எல்லோரும் பார்க்க, மாற்றிய ஹாரனை அடிப்பேன். வெள்ளிக்கிழமை காலை என் மகளை ஏற்றிக்கொண்டு போவேன். கேட்டைப் பூட்டினாலும் சரி, குழுவில் மறுபடி சேர்த்துச் சமாதானம் பேசினாலும் சரி, நான் அசையமாட்டேன். உங்கள் காரைவிட என் கார் நம்பகமானது என்று நீங்கள் உங்கள் வாயால் சொல்லும்வரை உங்கள் வீட்டில் காபி தவிர எதுவும் தொடமாட்டேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். அகிலாவுக்கும் பேரப்பிள்ளைக்கும் ஆசீர்வாதம். தங்கள் கோபம் தணியவும், வியாபாரம் பெருகவும், கப்பல் சீக்கிரம் தண்ணீரில் இறங்கவும் முருகன் அருள் புரிவாராக.

இப்படிக்கு,
கொள்கையில் மாறாத,
பழனியாண்டி.

பின்குறிப்பு: மணி ஒன்றரை. கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அகிலா. "அப்பா, ரங்கத் ஜெட்டில நிக்கிறேன். மழையா இருக்கு, வர்றீங்களா?" என்றாள். காலையில் போர்ட் பிளேர் துறைமுகத்தின் பீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பல் ஏறி, லாங் ஐலண்ட் வழியாக, கால் நீட்டிப் படுத்துக்கொண்டே வந்திருக்கிறாள். குலுங்கவே இல்லையாம். சுற்றிலும் கடலை வைத்துக்கொண்டு இருபது நாளாக நாம் ரோட்டைப் பற்றியே சண்டை போட்டிருக்கிறோம் சம்பந்தி. எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்களுக்கு எப்படியோ.

ஆனந்தத்தில் சாவியைத் திருப்பினேன். கார் 'டிக்' என்றது. மறுபடி திருப்பினேன். அதுவும் சொல்லவில்லை. மூன்றரை மணி நேரம் விளக்கும் ஃபேனும் பாட்டுமாக இந்தக் கடிதம் பேட்டரியை முழுக்கக் குடித்துவிட்டது. நீலாவதியைக் கூப்பிட்டுக் கொஞ்சம் தள்ளச் சொன்னேன். "இவ்ளோ நேரமா எழுதினீங்களே, அந்தக் கடுதாசிய எறங்கித் தள்ளச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போய் ஆட்டோ பிடித்து ஜெட்டிக்குப் போய்விட்டாள். மத்தியாஸ், கரண்ட் வந்தால்தான் சார்ஜ் போட முடியும் என்கிறார்.

ஆட்டோவிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். மூன்றாவது தங்கள் சம்சாரம். பதற வேண்டாம். விடியற்காலை நீங்கள் கஸ்டமர் கேர் லைனில் காத்திருந்தபோது, "அகிலாவக் கப்பல்ல கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார்களாம். நீங்களும் "ம், சரி சரி" என்றீர்களாம். இப்போது புதுக் கொசுவலைக்குள் அகிலா தூங்குகிறாள். நீலாவதி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள், இன்றைக்கு உள்ளே ஆள் இருக்கிறது. தூங்கப் போகும் முன் அகிலா இந்தக் கடிதம் முழுவதையும் படித்துச் சிரித்துவிட்டு, போனில் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பிவிட்டாள்; இந்தப் பின்குறிப்பை எழுந்ததும் அனுப்புவாள். இன்னும் லைனில் காத்திருந்தால், அதை வைத்துவிட்டுப் படியுங்கள்.

நாளைக்கே கிளம்பி நீங்களும் கப்பலில் வந்துவிடுங்கள். வரும்போது உங்கள் காரின் பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்தால் உபகாரமாக இருக்கும், வாரண்டி போய்விடுமே என்று யோசிக்காதீர்கள். ஜெட்டிக்கு நானே வருகிறேன், ஆட்டோவில்.